காருக்குள் தூங்க, முதலில் காற்றுக்கு வழி

மாருதி வேகன்ஆரின் மொத்த நீளம் 3,655 மில்லிமீட்டர், அதாவது 12 அடி. எஞ்சினும் டேஷ்போர்டும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இடத்தில் ஐந்தேமுக்கால் அடி ஆள் கால் நீட்டிப் படுக்க முடியுமா? நெடும்பயணத்தில் அறை எடுக்காமல் காரிலேயே தூங்க ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். முடியும். கொஞ்சம் ப்ளைவுட்டும் நாலு கீலும் போதும். ஆனால் காருக்குள் படுத்துவிட்டு நடுராத்திரியில் எழுந்து உட்காருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலகை உறுத்தியது என்று சொல்பவர்கள் குறைவு. புழுங்கியது, தலை வலித்தது, கண்ணாடியெல்லாம் வேர்த்து மேலே சொட்டியது என்பார்கள். படுக்கைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் காற்றுக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்குவதில்லை. என்னைக் கேட்டால் கணக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

சரி, படுக்கையை முதலில் முடித்துவிடுவோம். வேகன்ஆர், டியாகோ மாதிரிக் கார்களில் பின் சீட்டின் முதுகை முன்பக்கம் மடக்கினால் டிக்கியோடு சேர்ந்து ஓர் இடம் கிடைக்கும். அது சமமாக இருக்காது. டிக்கித் தரை கீழே, மடங்கிய முதுகு மேலே, நடுவில் ஒரு படி. அதற்கும் முன்னால், பின் சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் பள்ளம். முன் சீட்டுகளை முழுக்க முன்னால் தள்ளி, முதுகையும் முன்பக்கம் சாய்த்துவிட்டால் அந்தப் பள்ளத்தின் மேல் பலகையை நீட்டலாம். உயரமானவர்களுக்குக் குறைகிற ஓரடி, ஒன்றரை அடி அங்கேதான் கிடைக்கிறது. ஒரே பலகையாகப் போட்டால் பகலில் பின் சீட் வீணாகும். ஆகவே இரண்டு மூன்று துண்டாக அறுத்து, கீல் போட்டு, மடித்தால் டிக்கிக்குள் அடங்குகிற மாதிரி செய்துகொள்வது நல்லது.

மரவாடியில் விஷயத்தைச் சொன்னால், "ஆள் படுக்கணும்ல, பதினெட்டு எம்எம் போடுங்க சார்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 12 மில்லிமீட்டருக்குப் பதில் 18 போட்டால் சுமார் 3.4 மடங்கு விறைப்பு. ஆனால் ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால், அதே 12 மில்லிமீட்டர் பலகையின் வளைவு குறைந்தது எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆறடிக்கு மூன்றரை அடி அளவில் 18 மில்லிமீட்டர் பலகை இருபது கிலோவைத் தாண்டும். 12 என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கோடு முடிந்துவிடும். ஆகவே மெல்லிய பலகை, அடியில் கூடுதல் கால்கள். உடம்பின் கனம் அதிகமாக இறங்குவது இடுப்புக்குக் கீழே என்பதால் ஒரு வரிசைக் கால் அங்கே கட்டாயம் வர வேண்டும்.

சரிவு இன்னொரு விஷயம். மடக்கிய சீட் ஐந்து டிகிரி சாய்ந்திருந்தாலே ஐந்தேமுக்கால் அடி நீளத்துக்கு அரை அடி உயர வித்தியாசம் வந்துவிடும். இரவு முழுக்க உடம்பு கீழே வழுகிக்கொண்டே இருக்கும். போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். சமமான இடமே கிடைக்காவிட்டால் தலை மேட்டில், கால் பள்ளத்தில்.

மெத்தைக்கு இரண்டு அங்குல, 40 டென்சிட்டி ஃபோம் போதும். அதன் மேல் ஒரு கோரைப்பாய். ஃபோம் வியர்வையை விடாது. கோரையின் இடுக்குகளில் கொஞ்சமாவது காற்று ஓடும். பலகை, மெத்தை எதற்காகவும் வண்டியின் உடம்பில் துளை போட வேண்டாம், சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் கிளம்ப வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. இருக்கைகளின் எண்ணிக்கையும் அந்த விவரங்களில் ஒன்று. இரவில் விரித்து, காலையில் மடக்குகிற படுக்கைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி காற்று.

சாமான், பலகையெல்லாம் போக, ஒரு சின்னக் காருக்குள் மிஞ்சும் காற்று சுமார் இரண்டரை கன மீட்டர், அதாவது 2,500 லிட்டர். தூங்குகிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். இரண்டு பேர் என்றால் 24 லிட்டர். துளிக் காற்றும் கசியாத கார் ஒன்று இருந்தால், ஒரே மணி நேரத்தில் உள்ளே இருக்கும் காற்றில் ஒரு சதவீதம் கரியமில வாயு ஆகிவிடும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உள்ளே பத்தாயிரத்தை நெருங்கும். நிஜக் கார் கசியும்; ஆனால் வண்டி ஓடாமல், காற்றும் வீசாமல் இருக்கும் இரவில் அந்தக் கசிவு மிகக் குறைவு.

இங்கே பலரும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அதே 2,500 லிட்டரில் 500 லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. இருவர் தூங்கும்போது மணிக்கு 30 லிட்டர் செலவானாலும் அது சட்டென்று தீராது. தொல்லை அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடும். மூச்சு முட்டுகிற உணர்வு நமக்குப் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருகிறது. மூளையின் சுவாச மையம் கவனிப்பது முக்கியமாக அதைத்தான். தலை கனப்பது, தூக்கம் துண்டு துண்டாக உடைவது, காலையில் எழுந்தால் களைப்பு என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

அப்படியானால் எவ்வளவு காற்று வேண்டும்? உள்ளே கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,500 பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு மணிக்கு 22 கன மீட்டர் புதுக்காற்று. காரின் மொத்தக் காற்றும் ஒரு மணி நேரத்துக்கு எட்டு ஒன்பது முறை மாற வேண்டும். ஒரே ஒரு கண்ணாடியை விரல் நுழைகிற அளவு இறக்கினால் இது நடக்காது. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறொரு வழி என்று இரண்டு வேண்டும். ஓட்டுநர் பக்க முன் கண்ணாடி, எதிர்ப்பக்கப் பின் கண்ணாடி என்று குறுக்காகத் திறந்தால் காற்று உங்கள் மேல் தடவிக்கொண்டு போகும். காற்று மோதும் பக்கம் அழுத்தம் கூடும், மறைவான பக்கம் குறையும். இந்த வித்தியாசம்தான் காற்றைத் தள்ளுகிறது. ஆகவே வண்டியின் பக்கவாட்டைக் காற்றுக்குக் காட்டி நிறுத்த வேண்டும். கதவுக் கண்ணாடிகளுக்கு மேலே மழையைத் தடுக்கும் டோர் வைசர் இருந்தால் தூறலிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் திறந்து வைக்கலாம்.

காற்று ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். படுக்கையை விரிக்கும் முன்பு, அதைக் கண்ணாடி இடைவெளிக்கு ஒரு சாண் உள்ளே பிடியுங்கள். காற்று வரும் வழியாக இருந்தால் புகை உடைந்து உள்பக்கம் சாயும். போகும் வழியாக இருந்தால் இழை இழையாக நீண்டு இடுக்கில் நுழைந்து மறையும். இரண்டு இடத்திலும் புகை நேராக மேலே ஏறிக் கூரையில் பரவினால் காற்று ஓடவில்லை என்று அர்த்தம். கொசுவலையை மாட்டிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். வலை மாட்டியதும் ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்பதை அந்தப் புகையிலேயே கண்ணால் காணலாம். பார்த்து முடிந்ததும் பத்தியை வெளியே வைத்து முழுக்க அணைத்துவிடுங்கள்.

வலை இல்லாமலும் முடியாது. கொசு நம்மைத் தேடி வருவதே நாம் விடும் கரியமில வாயுவின் தடம் பிடித்துத்தான்; பாதி திறந்த கார் அதற்கு நல்ல வழிகாட்டி. கொசுவர்த்திச் சுருளை மட்டும் உள்ளே கொளுத்த வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீட்டுக் கூடத்துக்கே அது அதிகம்.

காற்றே வீசாத இரவுக்கு யூஎஸ்பியில் ஓடும் 12 சென்டிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொன்ன ஐந்நூறு ரூபாய் இதற்குத்தான். சன்போர்டு என்கிற லேசான ஃபோம் அட்டைத் துண்டில் வட்டமாக வெட்டி ஃபேனைப் பொருத்தி, பின் கண்ணாடி இடைவெளியில் வெளிப்பக்கம் ஊதும்படி செருக வேண்டும். உள்காற்றை அது தள்ளிவிட, எதிர்ப்பக்க வலை வழியே புதுக்காற்று தானாக நுழையும். வலையின் தடையைத் தாண்டி மணிக்கு 25, 30 கன மீட்டர் தள்ளினாலே இருவருக்குப் போதும். சுமார் இரண்டு வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 16 வாட்மணி. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றில் 37 வாட்மணி இருக்கிறது. ஆனால் காரின் சொந்த புளோயரை ஓட்டலாமே என்று நினைக்காதீர்கள். அது மிகக் குறைந்த வேகத்திலேயே மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்மணி பேட்டரி விடிவதற்குள் படுத்துவிடும், காலையில் யாராவது தள்ளினால்தான் வண்டி கிளம்பும்.

இதே காற்றோட்டம்தான் ஈரத்தையும் வெளியேற்றுகிறது. தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீராவி விடுகிறார். இருவர், எட்டு மணி நேரம்: அரை லிட்டருக்கு மேல் தண்ணீர். கொடைக்கானலில் 12 டிகிரி இரவில் ஒரு கன மீட்டர் காற்று சுமக்கக்கூடிய ஈரம் 11 கிராமுக்கும் குறைவு. இரண்டரை கன மீட்டர் கார் என்ன செய்யும்? மிச்சத்தையெல்லாம் கண்ணாடியில் இறக்கிவிடும், இட்லிப் பானை மூடியின் உட்புறத்தைப் போல. தெளிந்த வானத்தின் கீழே இது இன்னும் அதிகம். கண்ணாடியும் கூரைத் தகரமும் தங்கள் வெப்பத்தை நேராக வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி மூடுகிறவர்களின் போர்வைதான் விடியும்போது அதிகமாக நனைந்திருக்கும். கம்பளி கூடுதலாக ஒன்று போர்த்திக்கொண்டு காற்றை ஓட விடுவதே சரி. வெளியிலிருந்து வரும் குளிர்காற்று உள்ளே இரண்டு மூன்று டிகிரி சூடாகும்போது ஈரத்தைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு வெளியேறும். மெத்தையின் அடிப்பக்கத்தைக் காலையில் தவறாமல் தூக்கிப் பார்த்து வெயிலில் காயப்போடுங்கள். பூஞ்சை பிடிப்பது அங்கேதான்.

சமவெளியில் பிரச்சினையே வேறு. தூங்கும் ஒருவர் 70, 80 வாட் வெப்பம் விடுகிறார். இருவரின் வெப்பமும் மூடிய சின்னக் காரை வெளிக்காற்றைவிட மூன்று டிகிரி அளவுக்குச் சூடாக வைத்திருக்கும் என்பது என் கணக்கு. மே மாதத் தஞ்சாவூரில் இரவில் 28 டிகிரி என்றால் உள்ளே 31, அதோடு ஈரமும் சேரும். எந்த மெத்தையும் அங்கே தூக்கம் தராது. இதற்கு மலிவான தீர்வு உயரம்தான். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிர்கிறது. 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காடு அடிவாரத்துச் சேலத்தைவிட எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி தரும். ஒன்று மட்டும் கவனம்: மலை என்றதும் காட்டுச் சாலையில் ஒதுங்கிவிடக் கூடாது. பண்ணாரி–திம்பம் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை கார்களுக்கே அனுமதி இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஊருக்குள் கட்டண வாகன நிறுத்தமோ, தங்கும் விடுதி வளாகமோ, அனுமதி கேட்டு நிறுத்துவதே நல்லது. தென்னை மரத்தடி எங்கேயும் வேண்டாம்.

புழுக்கம் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, எரிச்சலில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கரியமில வாயு ஏறினால் உடம்பு மூச்சு முட்டி எழுப்பிவிடும், இது எழுப்பாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் தூங்கிய இருவர் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஓடும் எஞ்சினோடு டிக்கியைத் திறந்து வைத்துப் படுப்பதும் அதே ஆபத்துதான். பின்பக்கம் சுழலும் புகை நேராக உள்ளே வரும்.

மின்சாரக் காரில் இந்த ஆபத்து இல்லை. வண்டி குளிர்ந்த பிறகு ஏசி சராசரியாக அரை கிலோவாட் இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு நான்கு யூனிட். டியாகோ மின்சாரக் காரின் பெரிய பேட்டரியில் 24 யூனிட் இருக்கிறது. ஆனால் உள்காற்றையே சுற்றவிடும் பட்டன் அழுத்தியிருந்தால், எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் கரியமில வாயு ஏறிக்கொண்டேதான் போகும். அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, வெளிக்காற்று வருகிறதா என்று பார்த்த பிறகு படுங்கள். இரவு முழுக்க பேட்டரியில் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.