பேர்பெற்ற நகர், பேர் மாறாத பட்டா

பாளையங்கோட்டையில் மகாராஜா நகர், தியாகராஜ நகர், பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி பக்கம் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்க ஆட்கள் முந்துவார்கள். காரணம் தெரிந்ததுதான். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிவிடலாம். கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை என்றால் நான்குவழிச்சாலையைப் பிடித்தால் போதும். பள்ளிக்கூடமும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியும் பக்கம்.

பத்திரம் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுகிற எனக்கு, ஊருக்கு வெளியே போட்ட புது மனைகளைவிட இந்த வீடுகளில்தான் பயம் அதிகம். இங்கே பழுது பெரும்பாலும் மண்ணில் இருக்காது, குடும்பத்துக்குள் இருக்கும்.

கதை அநேகமாக ஒன்றுதான். எழுபதுகளில் அப்பா அரசு வேலையில் இருந்தபோது ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டினார். அவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. பட்டாவும் வீட்டு வரியும் இன்னும் அவர் பேரில்தான். மூத்தவர் சென்னையில், இளையவர் வெளிநாட்டில், பெண்கள் கட்டிக்கொடுத்த ஊர்களில். விலை பேச வருவது மூத்தவர் மட்டும். வாங்குகிறவர் என்னிடம் சொல்வார்: “அண்ணாச்சி, முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுமே இல்ல.”

அங்கே ஒன்றும் இருக்காதுதான். பதிவான பத்திரங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். அப்பா இறந்ததோ, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதோ, பதிவு செய்யாத உயில் ஒன்று பீரோவில் கிடப்பதோ அதில் தெரியாது. அதனால் நான் முதலில் கேட்பது இறப்புச் சான்றும் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றும்.

வாரிசுச் சான்றில் தங்கைகள் பேர் வந்ததும் அடுத்த பதில் தயாராக இருக்கும்: “தங்கச்சிமாருக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு. கல்யாணமும் 89-க்கு முன்னாடியே ஆயிருச்சு, பங்கு கிடையாது.” எண்பத்தொன்பது கணக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தத்திலிருந்து வருவது. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களுக்கு பூர்வீகச் சொத்தில் அந்தத் திருத்தம் பங்கு தரவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத்தில் அந்தத் தடையே இல்லை. அதைவிட முக்கியம், நாம் பேசுகிற வீடு பூர்வீகமே அல்ல. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும். சீர் கணக்கெல்லாம் வீட்டுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது, பத்திரத்துக்கு ஆகாது.

இதோடு இன்னொரு கேள்வியும் கேட்பேன், பலர் எரிச்சல்படுவார்கள். அப்பா இறந்த அன்று ஆச்சி, அதாவது அப்பாவைப் பெற்றவர், உயிரோடு இருந்தாரா? இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, பிள்ளைகளைப் போலவே அவருக்கும் ஒரு பங்கு. அவர் பங்கு, அவரும் உயில் இல்லாமல் போயிருந்தால், அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் எல்லாரும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுவார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, பிள்ளைகள் இருக்கும்போது ஆச்சிக்கு இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் பங்கு விகிதமே தனி. கிறிஸ்தவர்கள் நிறைய உள்ள பாளையும் முஸ்லிம்கள் நிறைய உள்ள மேலப்பாளையமும் அடுத்தடுத்து இருக்கிற ஊரில், ஒருவருக்குப் பார்த்த கணக்கை அடுத்தவருக்குப் போடக் கூடாது.

இறந்துபோன மகனின் பிள்ளைகள் மைனராக இருந்தால், தாயின் கையெழுத்து மட்டும் போதாது. இந்துக் குடும்பத்தில் கோர்ட் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை மேஜரான பின் மூன்று வருடத்துக்குள் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

வழி எளிதுதான், அலைச்சல் மட்டும் உண்டு. எல்லா வாரிசுகளும் ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும். வர முடியாதவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, தனக்காகக் கையெழுத்துப் போட ஒருவருக்குப் பவரோ பதிவு செய்து தரட்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அது செல்லும். விற்பவரில் வெளிநாட்டுவாசி இருந்தால், ஐம்பது லட்சம் தொட்ட சொத்துக்கு வாங்குகிறவர் விலையில் பிடித்துக் கட்டுகிற ஒரு சதவீத வருமான வரிதான் இங்கேயும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பங்குக்கு விகிதம் அதிகம், பிடித்துக் கட்டுகிற பொறுப்பு உங்களுடையது. ஆடிட்டரிடம் அட்வான்ஸுக்கு முன்பே கேளுங்கள்.

வீட்டையும் பாருங்கள். கீழ்த்தளத்துக்கு மட்டும் பிளான் வாங்கி மாடியைப் பின்னால் ஏற்றியிருப்பார்கள். லோனுக்குப் போகும்போது பேங்க் கேட்கும். பாளையங்கால்வாய் ஓரமாக இருந்தால் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் புகுந்தது. அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் தண்ணீர் எந்த மட்டம்வரை நின்றது என்று தெருமுனை டீக்கடையில் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

முத்திரைத்தாள் ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம் பேரம் பேசிய விலைக்கு மேல் கையில் இருக்க வேண்டும். பதிவு முடிந்த வாரமே பட்டா, வீட்டு வரி, குடிநீர், கரண்ட் இணைப்பு நான்குக்கும் பேர் மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள்.