ஒரு வங்கி எழுதியதை இன்னொரு வங்கி எப்படிப் படிக்கிறது?

வெளிநாட்டிலிருந்து ஒருவர் பணம் அனுப்பும்போது வங்கிகளுக்கு இடையே பயணிப்பது ஒரு செய்திதான். உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் நெடுங்காலமாக அந்தச் செய்திக்கு எம்டி103 என்று பெயர். அதில் தேதி, நாணயம், தொகை மூன்றும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வரும்: 231115யுஎஸ்டி50000,25. முதல் ஆறு இலக்கங்கள் 2023 நவம்பர் 15. அடுத்தது அமெரிக்க டாலர். கடைசியில் ஐம்பதாயிரம் டாலர் இருபத்தைந்து சென்ட். புள்ளி வரவேண்டிய இடத்தில் காற்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள்.

ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய சர்வதேசச் செய்தித் தரத்தில் இதே தகவல் எக்ஸ்எம்எல்லாக, அதாவது ஒவ்வொரு தகவலையும் பெயர் தாங்கிய திறப்பு, மூடல் குறிகளுக்கு (டேக்) நடுவே வைக்கும் வடிவில் வருகிறது. தேதிக்குத் தனி டேக், தொகைக்குத் தனி டேக், நாணயம் அந்தத் தொகை டேக்குக்குள்ளேயே ஒரு பண்பாக. வங்கிகளுக்கு இடையே பெரிய தொகைகளை உடனுக்குடன் மாற்றும் நம் ரிசர்வ் வங்கியின் ஆர்டிஜிஎஸ் 2013 அக்டோபரிலேயே இந்தத் தரத்துக்கு வந்துவிட்டது. எல்லை தாண்டிய பணப் பரிமாற்றத்தில் ஸ்விஃப்ட் 2023 மார்ச் முதல் 2025 நவம்பர் வரை பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டியது. இரண்டு வடிவங்களுக்கும் நடுவே உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது ஒருங்கிணைப்பு மென்பொருளின் வேலை.

முதல் படி, படிப்பது. கணினிக்கு வந்து சேர்வது வெறும் எழுத்து வரிசை. பார்ஸர் என்ற நிரல் அதைப் படித்து ஒரு மரமாக்குகிறது: செய்தி வேர், அதற்குள் பரிவர்த்தனை, அதற்குள் தொகை, அனுப்புநர், பெறுநர். திறந்த டேக் ஒன்று மூடப்படவில்லை என்றால் பார்ஸர் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் தரம் சொல்கிறது. வலைப்பக்கத்தில் பிழை இருந்தால் பிரவுசர் எப்படியாவது சமாளித்துக் காட்டிவிடும். பண விஷயத்தில் அந்தத் தாராளம் ஆபத்து. அரைகுறைச் செய்தியை ஊகித்துப் படிப்பதைவிடத் திருப்பி அனுப்புவதே மேல்.

மரம் முழுவதையும் நினைவகத்தில் கட்டுவது டாம் முறை. எந்தக் கிளைக்கும் போகலாம், திரும்பி வரலாம். ஆனால் கோப்பின் அளவைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு லட்சம் பேரின் சம்பளம் ஒரே கோப்பில் வந்தால் சர்வர் திணறிப்போகும். அதற்குத்தான் சாக்ஸ் முறை. முழு ஸ்கோர்கார்டுக்குக் காத்திருக்காமல் பந்துக்குப் பந்து வர்ணனை கேட்பது போல, "டேக் தொடங்கியது, எழுத்து வந்தது, டேக் முடிந்தது" என்று வர வர அறிவித்துக்கொண்டே போகும். கடந்துபோனதில் எது தேவையோ அதை நாம்தான் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியாரிடமிருந்து வரும் செய்தியைப் பார்ஸரிடம் கண்மூடிக் கொடுக்கவும் கூடாது. எக்ஸ்எம்எல்லில் ஒரு சுருக்கப் பெயருக்குள் இன்னொரு சுருக்கப் பெயரை அடுக்கலாம். பத்துப் பத்தாக அப்படி அடுக்கிய, ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு விரிந்து கிட்டத்தட்ட 3 ஜிகாபைட் ஆகிவிடும். இந்த வசதி வங்கிச் செய்திகளுக்குத் தேவையே இல்லை. அதை அணைத்து வைப்பதே முறை.

சரி, மரம் கையில் வந்துவிட்டது. இனி உருமாற்றம். 1999 நவம்பரில் வெளியான எக்ஸ்எஸ்எல்டி இதற்கென்றே பிறந்த மொழி. "இப்படி ஒரு கணு (மரத்தின் ஒரு பகுதி) வந்தால் அப்படி எழுது" என்ற விதிகளை வரிசையாக எழுதுகிறோம். கணுவைத் தேடிக் கண்டுபிடிப்பது எக்ஸ்பாத். இதில் பலரை ராத்திரி விழிக்க வைப்பது நேம்ஸ்பேஸ், அதாவது டேக்குகள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாளம். ஐஎஸ்ஓ செய்திகளின் நேம்ஸ்பேஸ் முகவரி பதிப்பு எண்ணோடு முடிகிறது. அனுப்பும் வங்கி 08-லிருந்து 10-க்கு மாறினால், கண்ணுக்கு டேக் எல்லாம் அப்படியே இருக்கும்; எக்ஸ்பாத்துக்கோ அவை வேறு டேக்குகள். தேடியது கிடைக்கவில்லை என்று அது பிழையும் காட்டாது. வெற்று மதிப்பைக் கொடுத்துவிட்டு அமைதியாக மேலே போகும். அதனால்தான் வெளியே அனுப்பும் முன் ஸ்கீமாவோடு, அதாவது எந்த டேக்கில் மதிப்பு எந்த வடிவில் வரவேண்டும் என்ற விதிப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் படியை எந்த அவசரத்திலும் விடக்கூடாது என்பேன். காற்புள்ளியைப் புள்ளியாக மாற்ற மறந்திருந்தால் ஸ்கீமா பிடித்துவிடும். ஆனால் காற்புள்ளியை நீக்கிவிட்டு 5000025 என்று எழுதியிருந்தால் அது ஒழுங்கான எண்தான். ஸ்கீமா வாய் திறக்காது.

இதைவிடச் சிக்கலானது பெயரும் முகவரியும். எம்டி103-இல் இரண்டும் சேர்ந்தே நான்கு வரி, வரிக்கு 35 எழுத்து. புதிய தரத்தில் பெயருக்கு மட்டுமே 140 எழுத்து, அதற்குமேல் தெரு, கதவு எண், அஞ்சல் குறியீடு, ஊர், நாடு என்று தனித்தனி இடங்கள். புதியதிலிருந்து பழையதுக்குப் போகும்போது இடம் போதாமல் வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய இடத்தில் '+' குறி போட்டால், இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பெறுபவருக்குத் தெரியும். பணம் அனுப்பவோ பெறவோ தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலோடு பெயரை ஒப்பிடுபவர்களுக்கு அந்தக் குறி மிக முக்கியம்.

பழையதிலிருந்து புதியதுக்கு வரும்போது சிக்கல் வேறு. "15, மதுரை ரோடு, திருச்சி" என்று ஒரே வரியில் வருகிறது. ஊர் என்ற டேக்கில் எதைப் போடுவது? ஊர்ப் பட்டியலை வைத்துத் தேடும் விதி மதுரையை முதலில் பிடிக்கும். கடைசிச் சொல்தான் ஊர் என்று விதி எழுதினால், அடுத்த செய்தி "திருச்சி, மதுரை ரோடு, 15" என்று வரும். எக்ஸ்எஸ்எல்டி இரண்டு விதிகளையும் ஒரே விசுவாசத்தோடு நிறைவேற்றும். எந்த விதி சரி என்பதை வாடிக்கையாளர் முகவரிகளைப் பார்த்துப் பழகிய ஒருவர்தான் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். சந்தேகமானவற்றைத் தானாக அனுப்பாமல் அவர் மேசைக்கு ஒதுக்கி வைக்கும் வழியையும் மென்பொருளில் விட்டுவைக்கவேண்டும்.