சுவரில் கறுப்புப் புள்ளி வந்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

வாடகை வீட்டில் பீரோவை நகர்த்தும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். பின்சுவரில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள், கூடவே மக்கிய ஈர வாடை. வீட்டுக்காரரிடம் சொன்னால் "ஜன்னலைத் திறந்து வைக்கிறதில்லையா?" என்ற கேள்விதான் முதலில் வரும். யார் பக்கம் தவறு என்பதைச் சுவரை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்தப் புள்ளிகள் பூஞ்சை. அதன் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டுதான் இருக்கும். பெயிண்ட், மரம், தூசி என்று தீனிக்கும் பஞ்சமில்லை, ஈரம் மட்டும்தான் பாக்கி. நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் வளரத் தொடங்கிவிடலாம். சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்றுகூட இல்லை. அறைக் காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், நமக்கு இதமாகத்தான் இருக்கும். அதே காற்று 20 டிகிரியில் இருக்கும் ஒரு மூலையைத் தொட்டால் அந்த இடத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும், பூஞ்சைக்கு அது போதும்.

கறை இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை ஏறி, மேல் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். கூரையிலோ குழாய் போகும் இடத்திலோ பழுப்பு வளையம் தெரிந்தால் கசிவு. இந்த இரண்டுக்கும் நீங்கள் ஜன்னல் திறப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் மட்டும் புள்ளி வந்தால் காற்றிலிருந்த ஈரம் படிந்திருக்கலாம். சந்தேகமென்றால் ஒரு துண்டு அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றிலிருந்து. அறைக் காற்றுதான் காரணமென்றாலும், குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை, ஜன்னல் திறக்கவே வராது என்றால் அதுவும் கட்டடத்தின் குறைதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தான். வீட்டில் நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் விசாரணையில் முடிவானது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அவர்கள் வாழும் விதத்தின் மேல்தான் பழி விழுந்தது. அவன் பெயரிலேயே வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூக வீடுகளுக்கு (உள்ளாட்சியோ வீட்டுச் சங்கங்களோ குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள்) நடைமுறையில் இருக்கிறது: அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை, மற்ற பெரிய ஆபத்துகளை 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும்.

எல்லா ஊரிலும் சட்டம் ஒன்றல்ல என்றாலும் பல நாடுகளில் வீட்டை வாழத் தகுந்த நிலையில் வைப்பது வீட்டுக்காரரின் கடமை. அதனால் வாய்வார்த்தையோடு விடாமல் தேதி போட்டு எழுத்தில் தெரிவியுங்கள். கறையின் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, வாரம் ஒருமுறை அதே கோணத்தில் படம் எடுங்கள். வீட்டில் யாருக்காவது இளைப்போ விடாத இருமலோ இருந்தால் டாக்டரிடம் பூஞ்சையைப் பற்றிச் சொல்லி, அதைச் சீட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பல இடங்களில் அதையே காரணமாக்கி வெளியேற்ற முடியும், உள்ளூர்ச் சட்டம் தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள். அப்புறம், வீட்டுக்காரர் பெயிண்டரை அனுப்பினால், பூசுவதற்கு முன் கசிவை அடைத்தாயிற்றா, சுவர் காய்ந்ததா என்று கேளுங்கள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்டுக்குள்ளிருந்து பூஞ்சை திரும்ப வெளியே வரும்.