இல்லாத கட்டுரையை எந்த ரேக்கில் தேடுவது?

அறிவியல் நூலகத்தின் ரெஃபரன்ஸ் மேசைக்கு இப்போது ஒரு புது வகைப் பட்டியல் வருகிறது. ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், எல்லாம் பிசிறில்லாமல் இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. சாட்பாட் எழுதிக் கொடுத்த பட்டியல் அது. கொண்டுவருபவர் தாமாகச் சொல்ல மாட்டார்; கேட்டால்தான் "ஆமாம், அதில்தான் எடுத்தேன்" என்பார். அதற்குள் பணியாளர் ஒருவர் கேட்லாக், தரவுத்தளம், பைண்டிங் செய்த பழைய தொகுதிகள் என்று அரைநாளைத் தொலைத்திருப்பார்.

"இங்கே இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுங்கள்" என்பது அடுத்த வசனம். எந்த நூலகத்திலிருந்து? இரவல் கோரிக்கை போனால் அங்கேயும் ஒருவர் உட்கார்ந்து இதே தேடலைத் தேடுவார். அவ்வளவுதான் நடக்கும்.

"பெயர்பெற்ற விஞ்ஞானி, பெயர்பெற்ற இதழ், டிஓஐ எண்கூட இருக்கிறதே, எப்படிப் போலியாகும்?" டிஓஐ என்பது கட்டுரைக்கு இணையத்தில் கொடுக்கப்படும் அடையாள எண். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர் நிஜம், அதே துறையில்தான் இருக்கிறார். இதழ் நிஜம். தொகுதி எண்ணும் நிஜம். ஆனால் அந்தத் தொகுதியில், அந்தப் பக்கத்தில், வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருக்கிறார்கள். டிஓஐ எண்ணும் இதே கதைதான். எல்லா டிஓஐயும் 10 என்றுதான் தொடங்கும். சாய்கோட்டுக்கு முன்னால் வருவது பதிப்பகத்துக்குக் கொடுத்த எண்; 10.1038 என்றால் நேச்சர். அந்த முன்பாதியைச் சரியாகப் போட எந்த வித்தையும் தேவையில்லை. பின்பாதியில்தான் குட்டு உடையும். டிஓஐ தளத்தில் எண்ணைப் போட்டால் "கிடைக்கவில்லை" என்று வரலாம். அது நல்லது, அங்கேயே தெரிந்துவிடும். சில சமயம் சம்பந்தமில்லாத கட்டுரை ஒன்று திறக்கும். ஏதோ திறந்துவிட்டது என்ற திருப்தியில் டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். திறந்த பக்கத்தின் தலைப்பைப் படியுங்கள் ஐயா! தலைப்பு, முதல் ஆசிரியர், ஆண்டு மூன்றும் உங்கள் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். டிஓஐ இல்லாத பழைய கட்டுரைகளும் உண்டு, அதனாலேயே அவை போலி ஆகிவிடாது.

இதழ்களின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் தேடாமலே சிலவற்றைக் கழிக்கலாம். ஜர்னல் ஆஃப் பிசிக்கல் கெமிஸ்ட்ரி ஏ, 1985 என்று இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த இதழ் ஏ, பி என்று பிரிந்ததே 1997இல். சி வந்தது 2007இல். தொகுதியும் ஆண்டும் சேர்ந்தே நகரும். நேச்சர் 171 என்றால் 1953. டிஎன்ஏ இரட்டைச் சுருள் கட்டுரை அதில் 737ஆம் பக்கம். அதே 171க்குப் பக்கத்தில் 2003 என்று இருந்தால் ஏதோ ஒன்று தப்பு.

பொருந்தாத எண்ணையெல்லாம் உடனே போலி என்று தள்ளிவிடவும் கூடாது. அங்கேவாண்டே கெமி இதழுக்கு ஜெர்மன் பதிப்பும் சர்வதேசப் பதிப்பும் உண்டு. 2000ஆம் ஆண்டுக்கு ஜெர்மனில் தொகுதி 112, சர்வதேசப் பதிப்பில் 39. பக்க எண்களும் வேறு. ஒரே கட்டுரைதான், இரண்டு ரெஃபரன்ஸும் சரிதான்.

வேதியியல் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. சேர்மத்தின் சிஏஎஸ் எண்ணையும், அதாவது ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனியாகக் கொடுக்கப்படும் அடையாள எண்ணையும், சாட்பாட்டிடம் கேட்டு வாங்குகிறீர்கள். அதைக் காகிதத்திலேயே சோதிக்கலாம். தண்ணீரின் எண் 7732-18-5. கடைசி 5 சரிபார்ப்பு இலக்கம், அதை விட்டுவிடுங்கள். மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்குங்கள்: 8, 2, 6, 12, 35, 42. கூட்டினால் 105. கடைசி இலக்கம் 5, சரி. கணக்கு உதைத்தால் அப்படியொரு எண்ணே கிடையாது. கணக்கு ஒத்துவந்தாலும் அது நீங்கள் தேடும் சேர்மம்தானா என்று தரவுத்தளத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

கட்டுரை நிஜமாகவே இருந்தாலும், நம்பத்தக்கதல்ல என்று பின்னால் இதழே அதைத் திரும்பப் பெற்றிருக்கலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. முன்பே இறக்கி ஃபோல்டரில் போட்டுவைத்த பிடிஎஃபில் "திரும்பப் பெறப்பட்டது" என்ற முத்திரை தானாக வந்து விழாது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் இதழின் தளத்துக்குப் போய் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தவர் கட்டுரையின் கடைசிப் பக்கத்திலிருந்து ரெஃபரன்ஸை அப்படியே நகலெடுக்காதீர்கள். இது சாட்பாட்டுக்கு முந்தைய வியாதி. ஒருவர் பக்க எண்ணைத் தப்பாக அடித்தால் அது பத்து ஆய்வேடுகளில் குட்டி போடும். படிக்காததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை மேசைக்கு வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். யாரும் கைடிடம் போட்டுக்கொடுக்க மாட்டோம். அந்தத் தலைப்புகளை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள்: எந்த வினை, எந்த வெப்பநிலை, எந்த உயிரினம், எந்த ஆண்டுக்குப் பிறகு. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேட எங்களுக்குத் தெரியும்.