நீல அட்டைக்குப் பிறகு ஒரு கையெழுத்து

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிள்ளைகளை ரக்பிக்கு அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் அக்கா மகனுக்குத் தலையில் அடிபட்டபோது, அவன் திரும்ப ஆடலாம் என்ற மருத்துவரின் ஒரே ஒரு கையெழுத்துக்காக நான்கு இடங்களுக்கு அலைந்தோம்.

விதி சிறியது. தென்னாப்பிரிக்க ரக்பியின் போக்ஸ்மார்ட் பாதுகாப்புத் திட்டம் 2009 முதல் நடக்கிறது. கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியே எடுத்துவிட வேண்டும். நடுவர் நீல அட்டை காட்டினால் அன்று அவர் திரும்ப இறங்க முடியாது. பிறகு ஓய்வு, படிப்படியான பயிற்சி, மருத்துவரின் அனுமதி. பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்குக் காத்திருப்பு இன்னும் நீளம்.

"மயங்கி விழவில்லையே" என்று அட்டையே காட்டாமல் விடுவார்கள். பெரும்பாலான கன்கஷனில் மயக்கமே வராது; சில அறிகுறிகள் மறுநாள்தான் தலைகாட்டும். அடிபட்ட நாள், நேரம், பார்த்தவர் யார் என்று அன்றே பயிற்சியாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். எழுத்தில் இல்லாவிட்டால் "சின்ன அடிதானே" என்பார்கள்.

அரசு கிளினிக்கில் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் மருத்துவரின் அனுமதிக் கடிதத்தில் சிஸ்டர் கையெழுத்திட முடியாது. மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். நாங்கள் காலை முழுவதும் நின்ற பிறகுதான் அதைச் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இலவசம். பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். சம்பளச் சீட்டோ அரசு உதவித்தொகைச் சான்றோ கையில் இல்லையென்றால் முழுக் கட்டணப் பிரிவில் எழுதிவிடுவார்கள்.

ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கழுத்து வலி, கைகால் மரத்துப்போதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் எந்தச் சீட்டையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவே சொல்கிறது. கவுண்டரில் உரக்கச் சொல்லுங்கள்.

"ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆடட்டும்" என்பதை நம்பாதீர்கள். ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கன்கஷன் அதில் பெரும்பாலும் தெரியாது. எங்களுக்குக் கிடைத்த மருத்துவர் பையனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இரண்டே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை நாங்கள் பயன்படுத்தவில்லை. வலி மாத்திரை போடாமலே தலைவலி இல்லை, பள்ளிப் பாடம் வழக்கம்போல ஓடுகிறது, ஓட்டப் பயிற்சியிலும் தொல்லையில்லை என்றால்தான் மோதல் பயிற்சிக்கு அனுமதி கேட்க வேண்டும்.

நீல அட்டை ரக்பிக்கு மட்டும். அதே பையன் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆடினால் அங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சியாளரிடம் போக்ஸ்மார்ட் சான்றிதழையும் கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. எங்களிடம் "வீட்டில் இருக்கிறது" என்றார். எடுத்து வாருங்கள், காத்திருக்கிறோம் என்றாள் அக்கா.