பிரிவதா, நியூரானாவதா: ஜி-புரதங்கள் தீர்மானிக்கும் விதம்

வளரும் மூளையில் முன்னோடி செல் ஒன்று பிரிந்துகொண்டே போகலாம். அல்லது பிரிவதை நிறுத்திவிட்டு, நீட்சிகளை வளர்த்து நியூரானாக மாறலாம். எந்தப் பக்கம் சாய்வது என்பதில் வெளியிலிருந்து வரும் வேதிச் செய்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றில் பலவற்றைச் செல்லுக்குள் கடத்துபவை ஜி-புரதங்கள்.

ஒரு ஜி-புரதத்தில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று துணை அலகுகள். ஓய்வில் ஆல்ஃபாவோடு குவானோசின் டைபாஸ்பேட் ஒட்டியிருக்கும். சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஏற்பியில் செய்தி மூலக்கூறு வந்து பொருந்தியதும் டைபாஸ்பேட் கழன்று, அந்த இடத்தில் குவானோசின் ட்ரைபாஸ்பேட் அமர்கிறது. ஆல்ஃபா ஒருபுறமும் பீட்டா-காமா இணை மறுபுறமும் வேலையைத் தொடங்குகின்றன. ஆல்ஃபா தானாகவே ட்ரைபாஸ்பேட்டை வெட்டி அணைந்துவிடும். தனியாக விட்டால் பத்து இருபது நொடிகள் ஆகலாம். ஆர்.ஜி.எஸ். புரதங்கள் அதைப் பல மடங்கு விரைவாக்குகின்றன.

மனிதரில் இவ்வகை ஏற்பிகள் ஏறத்தாழ 800. ஆல்ஃபா மரபணுக்களோ 16 மட்டுமே. எத்தனையோ செய்திகள் ஒருசில பாதைகளில்தான் வந்து சேர்கின்றன. ஜி-எஸ் வகை, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டும், ஜி-ஐ குறைக்கும், ஜி-கியூ கால்சியத்தை விடுவிக்கும், ஜி-12/13 செல்லின் வடிவத்தை மாற்றும் ரோ புரதத்தைத் தூண்டும். அப்படியானால் விளைவில் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? என் பார்வையில், சமிக்ஞை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து 1976-இல் நிலைநாட்டப்பட்ட பிசி-12 செல்கள் இதற்கு நல்ல சான்று. ஈ.ஜி.எஃப். வளர்ச்சிக் காரணி, செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் இ.ஆர்.கே. நொதியைச் சிறிது நேரமே தூண்டும், செல்கள் பெருகும். நரம்பு வளர்ச்சிக் காரணியான என்.ஜி.எஃப். அதே நொதியை மணிக்கணக்கில் தூண்டிவைக்கும். செல்கள் நீட்சி விடும். ஈ.ஜி.எஃப். உடன் சைக்ளிக் ஏ.எம்.பி.யையும் உயர்த்தினால், பெருக்கத் தூண்டியாக இருந்ததே நீட்சி விட வைக்கிறது. பல செல்களில் சைக்ளிக் ஏ.எம்.பி. இந்த இ.ஆர்.கே. பாதையை அடக்கத்தான் செய்யும். இ.ஆர்.கே.யைத் தூண்டும் பாதையிலுள்ள பி-ராஃப் நொதி நிறைந்த நியூரான் வகைச் செல்களில் அதுவே தூண்டுகோலாகிறது.

சிறுமூளையில் ஜி-எஸ் பெருக்கத்துக்குத் தடை போடுகிறது. அங்கே சோனிக் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை மணிச் செல்கள் எனும் சிறு நியூரான்களின் முன்னோடிகளைப் பிரியத் தூண்டும். ஜி-எஸ் வழியே செயல்படும் பி.கே.ஏ. நொதி அதை அடக்கும். சுண்டெலிகளின் இந்த முன்னோடிகளில் ஜி-எஸ் ஆல்ஃபா மரபணுவை நீக்கினால் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் சிறுமூளைப் புற்றுக்கட்டி உருவாகிறது.

நீட்சியின் நுனியிலுள்ள வளர்கூம்பில், ஜி-ஐ குடும்பத்தைச் சேர்ந்த ஜி-ஓ மிகுதி. அதன் மரபணு பிழைபட்டால் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் வலிப்பும் கட்டுக்கடங்காத உடலசைவுகளும் தோன்றக்கூடும். நுனியைப் பின்னிழுப்பது ஜி-12/13. ரோ, அதன் கீழுள்ள ராக் நொதி வழியே, இழுவிசை தரும் ஆக்டின்-மயோசின் புரத இழைகள் இறுகி, கூம்பு சுருங்கிவிடும்.

இதைச் செல் வளர்ப்புத் தட்டிலேயே காணலாம். சீரம் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் திரவம்) இல்லாத ஊடகத்தில் நீட்சி விட்டிருக்கும் என்1இ-115 என்ற சுண்டெலி நரம்புக்கட்டிச் செல்களுக்குச் சீரம் சேர்த்தால், சில நிமிடங்களில் நீட்சிகள் உள்வாங்கிச் செல்கள் உருண்டையாகும். சீரத்தில் உள்ள லைசோபாஸ்பாடிடிக் அமிலமே முக்கியக் காரணம். ஏற்பி ஒன்றைச் சோதிக்கும்போது சீரத்தைக் குறைக்க மறந்தால், விடை அந்த அமிலத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

சோதனையில் ஏமாற்றும் வேறு பொறிகளும் உண்டு. ஜி-ஐ, ஜி-ஓ இரண்டையும் ஏற்பியிலிருந்து துண்டிக்க, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் பெர்டுசிஸ் நச்சை (கக்குவான் இருமல் பாக்டீரியாவின் நச்சு) இரவு முழுக்க விடுவது வழக்கம். நச்சு செல்லுக்குள் நுழைந்து வேலை செய்ய மணிக்கணக்காகும்; அரைமணியில் விளைவில்லை என்று முடிவு கட்டுவது அவசரம். சைக்ளிக் ஏ.எம்.பி.யை உயர்த்த 10 மைக்ரோமோலார் ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருள் போதும். அதற்குப் பதில் சைக்ளிக் ஏ.எம்.பி.யின் டைபியூட்டிரில் வடிவத்தை 1 மில்லிமோலார் இட்டால், அது சிதைந்து பியூட்டிரேட் வெளிவரும். பியூட்டிரேட், மரபணு இயக்கத்தைப் பாதிக்கும் ஹிஸ்டோன் டீஅசிட்டைலேஸ் நொதியைத் தடுத்துத் தன் பங்குக்கு வேறுபாடடைதலை, அதாவது செல் நியூரானாக மாறுவதை, தூண்டக்கூடியது. ஆகவே சோடியம் பியூட்டிரேட் மட்டும் சேர்த்த தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.