வாளி இல்லாத கயிறு

எங்கள் பக்கம் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் படகு விடுவதற்கு ஆறு ஏது? ஊருணிகள் உண்டு, அவையும் கோடையில் வெடித்துக் கிடக்கும். ஆனாலும் எங்கள் வீட்டு வளவில் இப்போது ஒரு துடுப்பு இயந்திரம் கிடக்கிறது. ஓடும் இருக்கையில் உட்கார்ந்து, படகில் துடுப்பு வலிப்பது போலக் கைப்பிடியை இழுக்கும் உடற்பயிற்சிக் கருவி அது. எட்டடி நீளம், திண்ணையில் வைக்க முடியவில்லை. ஆத்தங்குடிக் கல் வழவழப்பில் அது நகராமல் இருக்க, அடியில் ரப்பர் பாய் விரித்திருக்கிறேன்.

முதல் நாள் அரை மணி நேரம் நான் இழுத்ததை அப்பத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் கேட்டார்: "இவ்வளவு நேரம் இறைத்தாயே, தண்ணீர் எங்கே?"

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. கிணற்றில் வாளியின் பாரம்தான் எதிர்ப்பு. மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் பாரம் அதேதான். இந்த இயந்திரத்தில் வாளிக்குப் பதில் காற்று. கைப்பிடியை இழுத்தால் சங்கிலி ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் இறக்கைகள் காற்றைத் தள்ளுகின்றன. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை இரு மடங்கு வேகத்தில் தள்ளியாக வேண்டும் என்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. வேகத்தின் மும்மடி (2 × 2 × 2) என்று கணக்கில் சொல்வார்கள்.

இயந்திரத்தின் குணம் முழுவதும் இந்த மும்மடிக்குள்தான் இருக்கிறது. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் பரவலாக இருக்கும் கான்செப்ட்2 இயந்திரத்தை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற சகோதரர்கள் 1981இல் கொண்டுவந்தார்கள். முதல் வடிவத்தில் சுழன்றது சைக்கிள் சக்கரம். இன்றைய இயந்திரத்தின் திரை, 500 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று காட்டும். இரண்டரை நிமிடம் என்றால் நீங்கள் தரும் திறன் சுமார் 104 வாட். இரண்டு நிமிடமாகக் குறைக்க 203 வாட் வேண்டும். வேகம் கால் பங்குதான் கூடுகிறது, உழைப்போ ஏறக்குறைய இரு மடங்காகிறது. புதிதாக வருபவர்கள் மூன்றாவது நிமிடத்திலேயே மூச்சிரைத்து எழுந்து போவது இதனால்தான். கொஞ்சம் மெதுவாகப் போனால் எக்கச்சக்கமாகச் சுமை குறையும். அரை மணி நேரம் தாங்கலாம். எடை குறைய விரும்புகிறவருக்கு அந்த அரை மணிதான் முக்கியம். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும்.

சக்கரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நெம்புகோல் ஒன்று இருக்கும். நம் ஆட்கள் உட்காரும் முன்பே அதை 10க்குத் தள்ளிவிடுவார்கள், வீரமாம்! அது உள்ளே புகும் காற்றின் அளவை மாற்றுகிறது, அவ்வளவே. சைக்கிளில் கியர் மாற்றுவது போல. கைப்பிடி முன்னால் திரும்பும்போது சக்கரம் எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதை அளந்து, திரையில் உள்ள கணிப்பான் கணக்கைத் தானே சரிசெய்துகொள்ளும். அதை ஏமாற்ற முடியாது. 3 முதல் 5 வரை வைத்துக்கொள்வது முதுகுக்கு நல்லது.

முதுகு என்றதும் ஒன்று. தமிழில் துடுப்பை 'வலிப்பது' என்பார்கள். தப்பாக வலித்தால் இடுப்பும் வலிக்கும். துடுப்பு வீரர்களை அதிகம் படுத்துவது கீழ் முதுகுதான். கிணற்றில் கைதான் இழுக்கும், இங்கே கால்தான் தள்ள வேண்டும். முதலில் கால்கள் நீளட்டும், பிறகு உடல் பின்சாயட்டும், கடைசியில் கை வயிற்றருகே வரட்டும். திரும்பும்போது வரிசை தலைகீழ்: கை, உடல், கால். தள்ளுவதைவிடத் திரும்புவது இரு மடங்கு நேரம் எடுக்கலாம். தொடை, பிட்டம், முதுகு என்று பெரிய தசைகள் சேர்ந்து ஆக்சிஜன் கேட்பதால் இதயத்துக்கு நல்ல வேலை. உடல் பாரம் இருக்கையில் இருப்பதால் ஓட்டத்தைப் போல முழங்காலில் அடி விழுவதில்லை.

அப்பத்தாவுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னேன். 104 வாட்டில் அரை மணி என்றால், பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து பத்து லிட்டர் வாளி சுமார் 190 முறை மேலே வந்த உழைப்பு. அது வெறும் 45 கலோரிதான். நல்லவேளை, தசை அவ்வளவு சிக்கனமானது அல்ல. கொடுப்பதைப் போல் நான்கு மடங்கு செலவழித்து, மிச்சத்தை வெப்பமாக விடுகிறது. அதனுடன் உடலின் அடிப்படைச் செலவையும் சேர்த்து, திரை சுமார் 330 என்று காட்டும். அந்தக் கணக்கு 79 கிலோ மனிதருக்கானது. 55 கிலோ இருப்பவர் 280 என்று கொள்ளலாம்.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. வாரம் நான்கு நாள் என்றால் ஒரு கிலோவுக்கு ஆறேழு வாரம், அதுவும் சாப்பாடு கூடாமல் இருந்தால். இங்கேதான் செட்டிநாடு குறுக்கே வருகிறது. பயிற்சி முடிந்து பசியோடு எழுந்தால் அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும். பத்து கிராம் எண்ணெய் 90 கலோரி, மாவு தனி. கந்தரப்பத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை. பணியாரத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வராது, எண்ணிச் சாப்பிடுகிறேன்.

முதல் நாள் எடை பார்த்து முக்கால் கிலோ இறங்கியதாகத் துள்ளினேன். அது வியர்வை; இரண்டு சொம்பு மோரில் திரும்பி வந்துவிட்டது. வெயில் ஏறும் முன் விடியலில் உட்காருங்கள். இதய நோயோ முதுகுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். முடித்ததும் இருக்கை ஓடும் தண்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வியர்வை உப்பும் நம்மூர்ச் செம்மண் தூசியும் சேர்ந்தால் சக்கரங்கள் கரகரக்கும்.